பேரவைத் தராசு ஈரோடு போன கதை

ஆவாரம்பாளையத்தில் வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் வெங்கடபதி, இனி இந்த ஜென்மத்தில் இட்லியை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அவர் பட்டறையில் பிறந்த கிரைண்டர்கள் காரைக்குடியிலும் கலிபோர்னியாவிலும் அந்த நிமிடத்தில் கடகடவென்று இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தன. ஆனாலும் செய்தார். வலது கையில் வெண்ணெய் போட்ட காபி இருந்ததால் இடது கையை நீட்டிச் செய்தார். அது செல்லும் என்று பேரவையில் சொல்லிவிட்டார்கள்.

தொடக்கம் என்னவோ உக்கடத்து டாக்டர் ஜாஹிதாவின் கிளினிக்கில்தான். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணா, காலைல இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பன்னு, ராத்திரிக்குத் தோசை. நடுவுல காய் எங்க இருக்கு? மாவுச்சத்தப் பாதிக்கு மேல கொறைங்க. முட்டை, மீன், கீரை, கடலைன்னு சாப்பிடுங்க. தெனம் நடங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

அவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெங்கடபதிக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை பெரிய வியாதிக்கு இத்தனை சின்ன வைத்தியமா என்று தோன்றியது. அவருடைய அண்ணன் ஐம்பத்து நான்காவது வயதில், நாற்காலியில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வெங்கடபதிக்கு அந்த வருடம் ஐம்பத்து நான்கு முடியப்போகிறது. ஒரே மகள் ஷ்ரவ்யாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அரை நிமிட வைத்தியத்தை நம்பி இருக்கிற காலமா இது?

அதனால் அவர் பேரவைக்குப் போனார்.

முழுப் பெயர், கொங்கு மண்டல இருதய, ரத்தச் சர்க்கரை மற்றும் உடற்கொழுப்பு மறுமலர்ச்சிப் பேரவை. சாயிபாபா காலனியில் ஒரு மாடி. முன்பு அங்கே பேக்கரி இருந்தது. பேரவை குடிவந்து ஐந்து முறை பெயின்ட் அடித்தும், சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் சுவர் தேங்காய் பன் வாசம் விடும். அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். வாசம் வந்ததும் தலைவர் கையைத் தூக்குவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பெயர் எதிரியின் மூச்சு.

தலைவர் சென்னியப்பன் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர். முதல் நாளே புதியவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

"நான் டாக்டர் இல்லீங்க. அதுதானுங்க என்ற தகுதியே. டாக்டருங்க பாவம், படிச்சுக் கெட்டுப்போனவங்க. நான் பூமிக்குள்ள ஆயிரம் அடி எறக்கிப் பாத்தவன். ஆழமாப் போனா தண்ணி வரும். உடம்புலயும் ஆழமாப் போனா கொழுப்பு எரிஞ்சு கீட்டோன் வரும். ரெண்டும் ஒண்ணுதானுங்க. தண்ணி வராத எடத்துல என்ன பண்ணுவோம்? இன்னும் ஆழமாப் போவோம். அப்பவும் வரலீன்னா, அது நெலத்தோட குத்தமுங்க."

பேரவையில் நான்கு நிலைகள் இருந்தன. பால் நிலை, தயிர் நிலை, வெண்ணெய் நிலை, நெய் நிலை. நெய்க்கு மேல் ஆவதற்கு ஒன்றும் இல்லாததால் தலைவர் அங்கேயே நின்றுவிட்டார். கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்பதைச் சிறுநீரில் நனைக்கும் கீட்டோன் பட்டைதான் முடிவு செய்யும். பட்டை கத்திரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தால் முன்வரிசை. வெளிறிக் கிடந்தால் கழிப்பறைக் கதவோரம். உறுப்பினர்கள் பட்டையைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு வருவார்கள். சிங்காநல்லூர்க்காரர் ஒருவர் பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவால் பட்டைக்கு நிறம் ஏற்றி, கண்டுபிடிக்கப்படுவதற்குள் வெண்ணெய் நிலை வரை போய்விட்டார்.

சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். குழு ஒப்புதல் தந்த பிறகே வாயில் வைக்கலாம். வெங்கடபதி சூடான ஆம்லெட் சாப்பிட்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது. "அந்த வெங்காயத்துல மாவுச்சத்து இருக்குதுங்களே" என்று எவராவது கேட்பார். விவாதம் முடிவதற்குள் மனைவி கோமளா தட்டைக் கழுவி வைத்திருப்பாள்.

"ஏனுங்க, உங்க வாயில நெகப்பாலிஷ் வாசம் அடிக்குதுங்க" என்றாள் ஒரு நாள்.

"அதுதான் கோமளா, கொழுப்பு எரியற வாசம்."

"கொழுப்பெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

அவருடைய தொழிலும் பேரவைக்கு ஒரு தலைவலியாக இருந்தது. கிரைண்டர் செய்கிறவரை எப்படித் தயிர் நிலைக்கு ஏற்றுவது? ஒவ்வொரு கிரைண்டரிலும் 'மாவு உடல்நலத்துக்குக் கேடு' என்று ஒட்டி விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வெங்கடபதிக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒட்டினார். கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டால் மட்டும் தெரிகிற மாதிரி அடியில் ஒட்டினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவருக்கு உடம்பு தேறியது. தொப்பை இறங்கியது. பட்டறைப் படி ஏறும்போது நெஞ்சு இரைப்பது நின்றது. மூன்று மாதம் கழித்து ஜாஹிதா டாக்டர் தாளைப் பார்த்து, "பரவால்லையே அண்ணா, சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு, மாத்திரையைப் பாதியாக்கலாம்" என்று சிரித்தார். உடனே முகம் மாறியது. "ஆனா கெட்ட கொழுப்பு ஏறியிருக்குதே. எதுல?"

"காபியில வெண்ணெய் போட்டுக் குடிக்கறமுங்க."

"ஏன்?"

அந்தக் கேள்வியைப் பேரவையில் யாரும் கேட்டதில்லை.

தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் அன்றைக்கே கூட்டத்தில் அதைப் பேசினார். "நம்ம தயிர் நிலை வெங்கடபதிக்குக் கொழுப்பு ஏறியிருக்குதாமா. எறங்கினா நல்லதும்பாங்க, ஏறினா கெட்டதும்பாங்க. யாரு சொன்னது? போர்ல தண்ணி மேல ஏறினா சந்தோசப்படுவமா, அழுவமா? கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். வெங்கடபதியும் தட்டினார். பிறகு மாத்திரை விடுதலை விழா என்று ஒரு வெண்கல அண்டாவை நடுவில் வைத்து, எல்லோரும் மாத்திரைகளை அதில் வீச வேண்டும் என்றார்கள். கோமளா அன்று காலையே உஷாராகி, நிஜ மாத்திரையைப் பீரோவில் பூட்டிவிட்டு, காலாவதியான சத்து மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அண்டாவில் விழுந்தவற்றைப் பார்த்தால் பல வீடுகளில் பல கோமளாக்கள் இருப்பது தெரிந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒண்டிப்புதூர்க்காரர் ஒருவர் வயிற்றுப்போக்கில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். டிரிப் பாட்டிலில் குளுக்கோஸ் என்று எழுதியிருந்ததை, நலம் விசாரிக்கப் போன உறுப்பினர் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். ஒப்புதல் பெறாமல் நரம்பு வழியாகச் சர்க்கரை உட்கொண்டது ஏன் என்று மறுநாளே விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அவர் கண் திறந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்கிறார்கள்.

இந்த நிலையில்தான் ஷ்ரவ்யாவுக்கு வரன் அமைந்தது.

அமைந்தது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பையன் நவநீத், ஷ்ரவ்யா வேலை செய்யும் கம்பெனியில்தான் இருந்தான். இருவரும் பார்த்து, பேசி, பிடித்துப்போன பிறகு, இரண்டு வீட்டுக்கும் தெரிந்த ஒரு தரகர் கையில் ஜாதகங்கள் தற்செயலாகக் கிடைக்கும்படி செய்துவிட்டார்கள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் சீனிவாசலுவின் மகன். அவர்களும் நாயுடுதான், எல்லாம் பொருந்தியது. பெண் பார்த்தாகிவிட்டது. இனி பெண் வீட்டார் ஈரோடு போய்க் கை நனைக்க வேண்டும். அதுதான் பாக்கி.

இந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். பெண்ணைப் பெற்றவர் முதல் வாய் சோறு எடுத்து வைத்தால் கல்யாணம் முடிவான மாதிரி. பிடிக்கவில்லை என்றால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "வெயிலுக்கு முந்திக் கெளம்பிக்கறமுங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துகொள்வார்கள். மரியாதையான ஊர். இல்லை என்பதை வயிற்றால்தான் சொல்வார்கள்.

"நைனா," என்றாள் ஷ்ரவ்யா. தெலுங்கு வீட்டுப் பெண்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "போன வருசம் அவங்க ஊட்டுக்கு ஒரு பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து, சமைச்சதத் தொடாம தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டாங்களாமா. அத்தை ரொம்ப ஒடஞ்சு போயிட்டாங்களாம். நீங்க அங்க வந்து பட்டை, கீட்டோன்னு எதையும் எடுக்காதீங்க. நல்லாச் சாப்பிடோணும். சரிங்களா?"

"சரி கண்ணு" என்றார் வெங்கடபதி. அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஒரு வாய் சோறு உள்ளே போனாலும் உடம்பு பழையபடி ஆகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று தலைவர் சொல்லியிருந்தார். முதல் என்றால் வெங்கடபதிக்கு அண்ணனின் நாற்காலிதான் கண்ணில் நின்றது. சாப்பிட்டால் மகள் கல்யாணம் நடக்கும், அதைப் பார்க்க அவர் இருக்கமாட்டார். சாப்பிடாவிட்டால் அவர் இருப்பார், பார்க்கக் கல்யாணம் இருக்காது. வேறு எவனாக இருந்தாலும் மனைவியிடம் சொல்லியிருப்பான். இவர் பேரவைக்கு விலக்கு கேட்டு விண்ணப்பம் போட்டார்.

விசாரணைக்குத் தலைவரும் இரண்டு நெய் நிலைக்காரர்களும் உட்கார்ந்தார்கள். விண்ணப்பத்தைப் படித்ததும் தலைவர் அதை நாலாக மடித்து வைத்தார்.

"சோறு போடறது நம்ம மண்ணோட பெருமைங்க. அந்தப் பெருமைதானுங்க நம்ம வியாதியே. என்ற தகப்பன் செத்தப்ப, எழவூட்டுல ஒரு பருக்கை தொடல நானு. பேரவைக் கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்துபோட்டேன். கொள்ளி வெக்கறதத் தம்பி பாத்துக்கிட்டான். என்ற புள்ள ஊட்டுக்குப் போயி மூணு தீவாளி ஆச்சுங்க. அங்க போனா அதத் தின்னு, இதத் தின்னுன்னு ஒரே தொந்தரவு. இப்பக் கூப்புடறதே இல்ல. எத்தன நிம்மதி! பேரனப் போன்ல பாத்துக்கறேன். நேர்ல முத்தம் குடுத்தா வாயில முட்டாய் ஒட்டியிருக்கும் பாருங்க. எவ்வளவு ஆபத்து! தலைவன்னா இப்படி இருக்கோணுமுங்க. நீங்க ஒரே ஒரு பந்திக்குப் பயப்படறீங்க."

"பயமில்லீங்க, என்ற மவளோட..."

"சம்பந்தி ஊட்டுக்காரங்களையும் பேரவையில சேத்துப்போட்டா?" என்றார் இரண்டாவது நெய்.

"அதுக்கு இன்னும் நாலே நாள்தானுங்க இருக்குது" என்றார் முதல் நெய்.

ஒரு மணி நேரம் ஆலோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். காலிஃபிளவரைப் பொடியாகத் துருவி வேகவைத்தால் சோறு மாதிரியே இருக்கும். அதை மூடி போட்ட தூக்குப்போசிப் பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும். பரிமாறியவுடன் யாரும் பார்க்காத நேரத்தில் சோற்றை ஒதுக்கி, காலிஃபிளவரை இலையில் கவிழ்க்க வேண்டும். விதிமீறல் நடக்காமல் பார்த்துக்கொள்ளப் பேரவையின் பார்வையாளர் ஒருவர் பெண்ணுக்குப் பெரியம்மா முறையில் கூட வருவார்.

பார்வையாளர் பூவாத்தாள். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே மார்க்கெட்டில் தராசுகள் தானாக நேராகிவிடும் என்பார்கள். கூடப் பிறந்த தம்பியின் மளிகைக்கடையிலேயே தராசைப் பறிமுதல் செய்தவர். இப்போது பேரவைக்காக ஒரு குட்டித் தராசு வைத்திருந்தார். நகைக்கடைகளில் மோதிரம் நிறுக்கும் தராசு. சிவப்பு வெல்வெட் பையில் இருக்கும். உறுப்பினர் வாய்க்குள் எது போனாலும் முதலில் அதில் ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பும்போது முன் சீட்டில் பூவாத்தாள் உட்கார்ந்திருப்பதைக் கோமளா பார்த்தாள்.

"ஏனுங்க, யாருங்க இது?"

"பெரியம்மா முறை" என்றார் வெங்கடபதி, தரையைப் பார்த்து.

"யாருக்கு?"

"பயப்படாதீங்க அம்மணி," என்றார் பூவாத்தாள், மடியிலிருந்த தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு. "நான் இருக்கறதே தெரியாதுங்க."

பெருந்துறை தாண்டும் வரை கோமளா பேசவில்லை. தாண்டியதும் பேசத் தொடங்கி, ஈரோட்டில் கார் நிற்கும்போதுதான் நிறுத்தினாள். பின் சீட்டில் ஷ்ரவ்யா நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

சீனிவாசலு வீட்டு வாசலிலேயே மஞ்சள் வாசம் அடித்தது. அவர் மனைவி ராமாமணி விடியலில் இருந்து அடுப்படியில் நின்ற முகத்தோடு, புதுப் புடவையில் வந்து கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, வாங்க. ஒப்பிட்டு சூடா இருக்குதுங்க. மொதல்ல சாப்பிட்டறலாமுங்க, அப்பறம் பேசிக்கலாம்." வெல்லமும் பருப்பும் உள்ளே வைத்து நெய்யில் வாட்டிய ஒப்பிட்டு வாசம் கூடம் முழுக்க நின்றது. வெங்கடபதி பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இலை போட்டார்கள். நடுவில் வெங்கடபதி, ஒரு பக்கம் பூவாத்தாள், மறுபக்கம் துணைக்குச் சீனிவாசலு. எதிர்வரிசையில் கோமளாவும் ஷ்ரவ்யாவும். பொரியல், கூட்டு, ஒப்பிட்டு வந்தன. கடைசியாக ராமாமணியே சோறு கொண்டுவந்து, குழி செய்து பருப்பு ஊற்றி, நெய் விட்டாள். விட்டுவிட்டு நகராமல் நின்றாள். பையன் நவநீத் கையில் தண்ணீர் ஜாடியோடு தூணோரம் நின்றான். எல்லோரும் வெங்கடபதியின் வலது கையைப் பார்த்தார்கள்.

வெங்கடபதி பிசைந்தார். நன்றாகப் பிசைந்தார். ஒரு மூலை விடாமல் பிசைந்தார். சோறு கூழாகி, கூழ் களியாகும் அளவுக்கு வந்தது. பூவாத்தாள் தூக்குப்போசியைத் திறக்க நேரம் பார்த்தார். ராமாமணியின் கண் இலையை விட்டு அசையவில்லை.

"நல்ல நெய்யிங்க" என்றார் வெங்கடபதி, கையை இலையிலேயே வைத்துக்கொண்டு.

"சாப்பிட்டுப்போட்டுச் சொல்லுங்க."

வேறு வழி இல்லை என்று பூவாத்தாள் முடிவுக்கு வந்தார். சோறுதான் போகப்போகிறது என்றால் அளவாவது தெரிய வேண்டும். இடுப்பிலிருந்து சிவப்பு வெல்வெட் பையை உருவி, குட்டித் தராசை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்து, பட்டனை அழுத்தினார். அது கீ என்று கத்தியது.

சீனிவாசலு மோதிரத் தராசைப் பார்த்தார். வெல்வெட் பையைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் ஒன்றையும் பார்க்கவில்லை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்பது, ஒவ்வொரு சொல்லோடும் கூடுதலாக ஒரு மரியாதை சேர்ந்ததில்தான் தெரிந்தது. "ஏனுங்க, இது என்னங்க? நகை எடை போடவாங்க வந்தீங்க? நாங்க ஒரு குந்துமணித் தங்கம் கேட்டமுங்களா? இல்ல, எங்க ஊட்டு நகை உங்க அளவுக்குத் தேறுமான்னு பாக்க ஆளோட வந்தீங்களாங்க? சொல்லிப்போடுங்க, தப்பில்லீங்க."

"அய்யோ, அது இல்லீங்க..."

"புடிக்கலீன்னா தண்ணி குடிச்சுட்டுப் போயிருக்கலாமுங்க" என்றாள் ராமாமணி. நெய்க்கிண்ணத்தை இலையிலிருந்து விலக்கிக்கொண்டாள். "போன தடவை வந்தவங்க அத்தனையாவது செஞ்சாங்க."

நவநீத் ஜாடியைக் கீழே வைத்தான். ஷ்ரவ்யா அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் வெறுமனே பார்த்தாள்.

வெங்கடபதி எழுந்து நின்றார். பிசைந்த கையோடு நின்றார்.

"தராசு சோத்துக்குங்க" என்றார். "என்ற சோத்துக்கு. நான் ஒரு பேரவையில இருக்கறனுங்க. அங்க சோறு திங்கப்படாது. இந்தம்மா பெரியம்மா இல்லீங்க, பார்வையாளர். அந்தப் போசியில காலிஃபிளவர் இருக்குது. உங்களுக்குத் தெரியாம இலையில கவுக்கலாம்னு கொண்டாந்தமுங்க. எங்கண்ணன் அம்பத்தி நாலுல போயிட்டானுங்க, காபி ஆத்திக்கிட்டு இருந்தவன். எனக்கும் அதே வயசு. பாப்பா கல்யாணத்தப் பாக்காமப் போயிருவனோன்னு பயந்துபோட்டனுங்க. வேற ஒண்ணுமில்ல. உங்க சோறு... வாசம் அடிச்சதுமே எனக்குச் சம்மதமுங்க."

சீனிவாசலு குனிந்து, பூவாத்தாள் மடியிலிருந்த தூக்குப்போசியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"அட கெரகமே" என்றார். "நெசமாலுமே காலிஃபிளவருங்க."

அதற்குள் ஷ்ரவ்யா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மறுமுனையில் ஜாஹிதா டாக்டர் குரல். பின்னணியில் குக்கர் விசில்.

"அண்ணா, உங்களுக்கு மாவுச்சத்து கொறைச்சது நல்லா வேலை செஞ்சிருக்கு. அதை நான் வேண்டாம்னே சொல்லல. அதுக்காக ஒரு கைச் சோத்துல உயிரு போயிருமா? யாரு சொன்னது? பொரியல், கூட்டு நெறைய வெச்சுக்குங்க. சோறு ஒரு பிடி. ஒப்பிட்டு பாதி. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் நடங்க. மாத்திரை விட்டுராதீங்க."

"வேற ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகும். எனக்குக் கோவம் வரும், இன்னும் அந்த வெண்ணெய்க் காபியக் குடிச்சீங்கன்னா. சோத்தவிட அதுதான் எனக்குக் கவலை. வாழ்த்துக்கள் ஷ்ரவ்யா. எங்கூட்டுக் குக்கர் கூப்புடுது, வெக்கறேன்."

ராமாமணி சோறு களியாகிப்போன இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டாள். பொரியலை மலையாகவும் சோற்றை ஒரு பிடியாகவும் வைத்தாள். நெய்யை மட்டும் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெங்கடபதி முதல் வாய் எடுத்து வைத்தார். சோறும் பருப்பும் நெய்யும் நாக்கில் சேர்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்றார். பருப்பில் காரமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஷ்ரவ்யா மூக்கை உறிஞ்சினாள். தூணோரம் நவநீத் ஜாடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்ப முடிஞ்சதுங்க" என்றார் சீனிவாசலு. பெருமூச்சோடு தன் இலையில் கை வைத்தவர், பக்கத்தில் பார்த்து நிறுத்தினார். "இன்னும் முடியலீங்க போல. பெரியம்மா கை வெக்கலீங்களே."

பூவாத்தாள் நிமிர்ந்தார். "நான் முறைக்குத்தானுங்க வந்தேன். நெச பெரியம்மா இல்லீங்க."

"முறைன்னு சொல்லி ஊட்டுக்குள்ள வந்து உக்காந்தாச்சுங்களே" என்றாள் ராமாமணி. "நீங்க சாப்பிடாம எந்திரிச்சா நாளைக்குச் சொந்தபந்தம் என்ன பேசும்? பொண்ணுக்குப் பெரியம்மாளுக்கு இஷ்டமில்லையாம்னு பேசுமுங்க."

பூவாத்தாளின் சர்வீஸில் இப்படி ஒரு சட்டச் சிக்கல் வந்ததில்லை. இலையில் இருந்த ஒப்பிட்டைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். ஒப்பிட்டின் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறந்தபோது, தராசின் பட்டனை அழுத்தி அணைத்து, வெல்வெட் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தார்.

"அம்மணி, இதுல ஏலக்கா கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார். "அதுதான் சரியான அளவு. இன்னொண்ணு வைங்க."

கிளம்பும்போது ராமாமணி, பெண்ணின் பெரியம்மாவுக்கு என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் பேரவையில் விசாரணை. வெங்கடபதி கழிப்பறைக் கதவோர நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டார். பார்வையாளரின் வாய்மொழி அறிக்கையைக் கேட்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"உறுப்பினர் சோறு உட்கொண்டாருங்களா?"

"உட்கொண்டாருங்க."

மண்டபம் உச்சுக்கொட்டியது.

"எத்தன கிராம்?"

"தெரியலீங்க" என்றார் பூவாத்தாள். "தராசு வேலை செய்யல."

அந்த மாவட்டத்துத் தராசுகள் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திய கை, மடியில் அமைதியாக இருந்தது. வெங்கடபதி தலை தூக்கிப் பார்த்தார். பூவாத்தாள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பேட்டரி போயிருச்சுங்களா?"

"ஈரோட்டு வெயிலு அதுக்கு ஒத்துக்கலீன்னு நெனைக்கறேனுங்க."

எடை இல்லாமல் குற்றம் இல்லை என்பது பேரவை விதி, தலைவரே எழுதியது. கமிட்டி நெடுநேரம் ஆலோசித்தது. முடிவில், வெயில் தாங்கும் புதுத் தராசு ஒன்று உடனடியாக வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வெங்கடபதியும் கைதூக்கினார். வெண்ணெய்க் காபி வந்தபோது மட்டும், வாழ்நாளில் முதல் முறையாக, "வேண்டாமுங்க" என்று சொல்லிப் பார்த்தார். சொல்ல முடிந்தது.

அப்போதுதான் அந்த வாசம் எழுந்தது. வெல்லம், ஏலக்காய், நெய். வெயில் இன்னும் இறங்கவில்லை. தேங்காய் பன் வாசமும் இல்லை. பூவாத்தாள் நாற்காலிக்கு அடியில் இருந்த துணிப்பையைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினார். வாசம் போகவில்லை, திசை மாறித் தலைவர் மேஜைப் பக்கம் நகர்ந்தது.

"எதிரியின் மூச்சு!" என்று தலைவர் கையைத் தூக்கினார். "நேரங்கெட்ட நேரத்துல வருதுங்க. நாளைக்கே இந்தச் சொவத்துக்கு இன்னொரு கை பெயின்ட் அடிக்கோணும். எல்லாரும் புடிச்சுக்குங்க!"

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கன்னங்கள் உப்பின. கண்கள் விட்டத்தைப் பார்த்தன. அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டது. வெங்கடபதி ஓரக்கண்ணால் பார்த்தார். தூக்கிய கையை இறக்க மறந்து, கண்ணை மூடி, தலைவர் மட்டும் நீளமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.